மூன்றாம் ஓலை வாசிக்காத கார்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய ஷோரூமுக்குப் போயிருந்தேன். மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்ததால், விற்பனைப் பிரிவில் இருக்கும் திவ்யா என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, தன் போனை எடுத்துக் காட்டினாள். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆர்டர் கொடுக்க இனிமேல் யாரும் படியேறி வர வேண்டாமாம். விரலால் தள்ளினால் சக்கரம் மாறுகிறது. இன்னொரு தள்ளலில் சீட் மாறுகிறது. நிறம், தையல் நூல், ஸ்டியரிங் தோல் எல்லாம் அப்படியே. கடைசியில் ‘உறுதி செய்க’ என்று ஒரு பச்சைக் கட்டம்.

“பத்து நிமிசத்துல முடிஞ்சிரும் அங்கிள். நீங்க இதுக்கு ஒன்றரை மாசம் எடுப்பீங்களாமே. அம்புட்டு நாளா என்னதான் செய்வீங்க?” என்றாள்.

கிண்டல்தான். இருந்தாலும் சுருக்கென்றது. பதினெட்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த மேசையைப் பத்து நிமிஷம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். “எழுதித் தாங்க அங்கிள், நாங்க எல்லாருமே படிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். படிப்பார்களோ இல்லையோ, எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சௌந்தரபாண்டி. திண்டுக்கல் பக்கம் எரியோட்டுக்காரன். முதல் பதினோரு வருஷம் டிராக்டர் விற்றேன். டிராக்டர் விற்பது சுலபம். வாங்க வருகிற விவசாயிக்கு என்ன வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தப் பழக்கத்தோடுதான் திண்டுக்கல்லில் இந்தக் கார் ஷோரூமில் சேர்ந்தேன். கீழ்த்தளத்தில் குடும்பக் கார்கள் நிற்கும். மாடியில் ஒரே ஒரு மேசை, அதன் மேல் தோல் துண்டுகளும் நிற அட்டைகளும் அடங்கிய ஒரு பெட்டி. அதுதான் ஸ்போர்ட்ஸ் கார் பிரிவு. கண்ணால் பார்க்க ஒரு வண்டிகூட எங்களிடம் கிடையாது. அதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். ஆர்டர் எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது மட்டும் எங்கள் வேலை. பதினெட்டு வருஷத்தில் மொத்தம் பதினாலு வண்டிக்கு எடுத்தோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மற்ற கார்களைப் போல இதைக் கடையில் நிற்பதைப் பார்த்து ஓட்டிப் போவதில்லை. உங்கள் பெயருக்கென்று ஒன்று செய்யப்படுகிறது. அதற்கு எட்டுப் பக்கப் படிவம். எந்தச் சக்கரம், எந்த சீட், எந்த கியர், கூரை எப்படி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். குறித்த நாளில் தொழிற்சாலை ஆர்டரைப் பூட்டிவிடும். பூட்டியபின் நூலின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பூட்டுக்கு எங்களிடம் சாவி இல்லை என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது வழக்கம்.

எங்கள் கிளைத் தலைவர் ஃபிலோமினா மேடம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சின்னாளபட்டிச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கையில் மூடி போட்ட ஒரு பேனா. படிவம் முன்னால் இருக்கும்போது அந்தப் பேனாவின் மூடியை லேசில் திறக்க மாட்டார். பேனா முனையைப் பார்த்ததும் ஆட்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் எங்களால் தாங்க முடியாதது.

நான் மாடிக்குப் போன முதல் வாரம், பழனியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். படிவத்தில் இருந்த எல்லாக் கட்டத்துக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தார். சீட்டைச் சூடாக்கும் கருவி, ஸ்டியரிங்கைச் சூடாக்கும் கருவி, எதையும் விடவில்லை. நானும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டே வந்தேன்.

மேடம் கேட்டார்: “டாக்டர், பழனியில உங்களுக்கு எந்த மாசம் குளிரும்?”

டாக்டர் யோசித்துவிட்டு, “மார்கழில ஒரு நாலு நாள்” என்றார்.

“அந்த நாலு நாளும் ஒரு சால்வை பத்தாதா?”

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கட்டங்களை அடித்தோம். ஒரு கம்பெனிக்காரி வாடிக்கையாளரை வாங்காதே என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான். அதே டாக்டர் பிறகு இரண்டு பேரை எங்களிடம் அனுப்பிவைத்தார்.

மேடத்திடம் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை பலகை இழுப்பது. ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி ஓடுவது. நம் ஊர் வேகத்தடைகளோ அவரவர் இஷ்டத்துக்குப் போட்டவை. வீட்டு வாசல் சரிவுகள் அதைவிட மோசம். காரின் முன்பக்க அடிவயிறு எந்த வடிவத்தில் இருக்குமோ அதே வடிவத்தில் ஒட்டுப்பலகையை அறுத்து, அச்சு அசலான இடைவெளியில் சக்கரம் வைத்து, கயிறு கட்டி வைத்திருந்தார் மேடம். வாடிக்கையாளர் தினமும் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடை மேலும் அதை நான் இழுத்துப் பார்க்க வேண்டும். பலகை எங்கெங்கே தட்டுகிறது என்று எழுதி வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும் கருவி வேண்டுமா என்று முடிவாகும். டை கட்டிக்கொண்டு நடுரோட்டில் பலகையை இழுத்துப் போனால் ஊர் சும்மா இருக்குமா? “என்னண்ணே, சப்பரம் எங்க போகுது?” என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை ஓலை வாசிப்பது. மேடம் கத்தோலிக்கர். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பூசையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம். மேடம் அதை அப்படியே எங்கள் படிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எட்டுப் பக்கத்தையும் மூன்று தடவை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வாய்விட்டுத் தமிழில் வாசிக்க வேண்டும். முதல் இரண்டும் ஷோரூமில், வாங்குகிறவர் முன்னால். மூன்றாவது அவர் வீட்டில், அந்த வண்டியில் ஏறப்போகிற எல்லோரும் இருக்கும்போது. இதற்கென்று நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. வாசித்தவர் யார், உடனிருந்தவர்கள் யார், தடை என்ன, தடை சொன்னவர் யார் என்று கோடு போட்டு வைத்திருந்தார்.

ஒரு நூற்பாலைக்காரர் மகனுக்கு மூன்றாம் ஓலை வாசித்தபோது, அவருடைய அம்மா எட்டுப் பக்கமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி. இதுல நான் எங்கிட்டு உக்காருவேன்?” என்றார். இரண்டே சீட் உள்ள வண்டி என்று மகன் வீட்டில் சொல்லவே இல்லை. அத்தோடு அந்த ஆர்டர் போயிற்று. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய குடும்பக் காரை வாங்கிக்கொண்டு போனார்கள். மேடம் நீல நோட்டில் கொஞ்சமும் வருத்தமில்லாமல், ‘தடை சொன்னவர்: தாயார்’ என்று எழுதினார்.

இனி சென்னியப்பன் வண்டிக்கு வருகிறேன். இதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சென்னியப்பன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இளம் வயதில் லாரி ஓட்டியவர். பிறகு மனைவி சரஸ்வதியோடு சேர்ந்து மண்டியைக் கட்டி எழுப்பியவர். தக்காளிப் பெட்டிக்கு ஒட்டுகிற காகிதத் துண்டின் பின்பக்கத்தில் தனக்கு வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சிவப்பு நிறம். கையால் போடுகிற கியர். பந்தயக் காரில் இருப்பது போன்ற சீட்.

“லாரியில போறப்ப ஒருக்கா இந்த வண்டி என்னைய முந்திப் போச்சுங்க. அன்னைக்கு நெனச்சதுங்க. வந்ததும் சரசுவ உக்கார வெச்சு மொதல்ல பழனி அடிவாரம், அப்புறம் கொடைக்கானலு. அவளும் என்னத்தக் கண்டாளுங்க, மண்டியே கதின்னு கெடந்தவ” என்றார்.

பந்தய சீட் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது தரையிலிருந்து ஒரு சாண் சொச்ச உயரம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் தொட்டி மாதிரி சுவர் எழும்பியிருக்கும். முதுகு சாயாது, உயரம் மாறாது. ஏறுகிறவர் முழங்காலை முழுக்க மடக்கிக் கீழே விழுவது போல உட்கார வேண்டும். இறங்கும்போது காலை ஊன்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும். பார்க்க மட்டும் அவ்வளவு அழகாக இருக்கும்.

முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் சென்னியப்பன் தனியாகத்தான் வந்தார். மண்டியைப் பார்த்துக்கொள்ள சரஸ்வதி அங்கே இருந்தாக வேண்டும். இரண்டாம் ஓலை முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பலகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் சரிவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதை எடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி சென்னியப்பன் தெருமுனைக்குப் போனார்.

அந்த நேரத்தில் சரஸ்வதி அக்கா மோர் கொண்டுவந்தார். வாசலில் மூன்று படி. தம்ளரை மேலே கைப்பிடிச் சுவரில் வைத்தார். திரும்பி நின்றுகொண்டார். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்தபடி, பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்று படி இறங்க அவருக்குப் பிடித்த நேரத்தில் நான் அந்தச் சரிவில் இரண்டு தடவை பலகையை இழுத்திருக்கலாம். இறங்கித் திரும்பியதும் நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

“எத்தனை நாளாக்கா இப்படி?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமாச்சுங்க தம்பி. ரெண்டு முழங்காலும் போச்சுங்க. மண்டியில நின்னுட்டே இருக்கறனால அவியளுக்குத் தெரியாது. உக்காந்து எந்திரிச்சாத்தான அகப்படும்.” தெருமுனையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அவியகிட்டச் சொல்லீராதீங்க. சொன்னா வண்டியே வேண்டாம்னு போடுவாங்க. இத்தன வருசத்துல அவிய தனக்குன்னு ஆசைப்பட்டது இது ஒண்ணுதானுங்க.”

“அந்த வண்டியில நீங்களும் உக்காரணுமேக்கா.”

“வண்டி வரட்டுங்க. அப்பப் பாத்துக்கலாம்.”

நான் சரிங்கக்கா என்று சொல்லி மோரைக் குடித்தேன். டிராக்டர் விற்ற காலத்துப் பழக்கம் கைகொடுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் தொழிற்சாலையிலிருந்து ஒரு மெயில் வந்தது. பூட்டும் நாளை முன்னால் தள்ளிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆர்டர் போக வேண்டும். மேடம் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். ஒரு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எடுத்திருப்பார். எடுத்துவிடுவாரோ என்றுதான் அடிக்கவில்லை. மூன்றாம் ஓலை என்று ஒன்று நடந்தால், சீட் என்ற வரியை சரஸ்வதி அக்காவின் முகத்துக்கு நேரே நான் வாசிக்க வேண்டும். அந்தச் சங்கடம் தானாகவே விலகிப்போகிறதே என்று எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. சென்னியப்பனைக் கேட்டேன். “ரெண்டு வாட்டி படிச்சாச்சு, போதுமுங்க, அனுப்பி உடுங்க” என்றார். அனுப்பிவிட்டேன்.

நீல நோட்டை எடுத்து, மூன்றாம் ஓலைக்கு எதிரே வாசித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உடனிருந்தவர்கள் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேடம் என்னைக் கூப்பிட்டார். நோட்டு அவர் முன்னால் திறந்திருந்தது.

“பாண்டி, செத்த நேரம் உக்காருங்க. மூணாவது ஓலைக்கு யார் யாரு இருந்தாங்க?”

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று படி, மோர், மெயில், ஒரே ஒரு தடவை அடித்த போன், எழுதின பொய். சொல்லி முடித்தபோது என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம்.

“அந்தம்மா காலு இப்படின்னு நேத்தே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“சரி.” பேனாவை மேசையில் உருட்டினார். “ஒரு வழி இருக்கு. பூட்டி இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள கிளைத் தலைவர் எழுதிக் கேட்டா ஆர்டரைத் திருப்பித் தருவாங்க. ஆனா வாங்குறவரு மனசு மாறிட்டாருன்னு எழுதினா செல்லாது. தப்பு கிளையோடதா இருக்கணும். வண்டி வரிசையில கடைசிக்குப் போயிரும். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு.”

“சென்னியப்பன்கிட்ட என்னன்னு சொல்றது மேடம்? அந்தக்கா என்னை நம்பிச் சொன்னது.”

“அவங்க ரகசியத்தை நாம சொல்ல வேண்டாம். ஓலை வாசிக்கல. அது நம்ம தப்பு. அதைச் சொல்லலாம்ல. மேல இருக்குற நாற்காலியை வண்டியில ஏத்துங்க.”

அந்த நாற்காலி பலகையின் கூடப்பிறந்தது. பந்தய சீட்டின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஒரு தச்சரை வைத்து மேடம் செய்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் தடுப்பு, கீழே தரையோடு தரை. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. ஏலம் முடிந்து முருங்கைக்காய்க் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதி அக்கா தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னையும் மேடத்தையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மண்டிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்தோம், அக்கா மட்டும் கதவோரம் நின்றுகொண்டார். மேடம் சுற்றி வளைக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்காமல் ஆர்டர் போய்விட்டது, அது எங்கள் தவறு, இப்போது வாசிக்க வந்திருக்கிறோம் என்றார்.

“நாந்தான் போன்லயே போதும்னு சொல்லிட்டனுங்களே” என்றார் சென்னியப்பன். அவருக்குக் கோபம்.

“நீங்க சொன்னீங்க. அக்கா சொல்லலையே” என்றார் மேடம்.

வாசிக்க ஆரம்பித்தார். நிறம் சிவப்பு. கியர் கையால் போடுவது. முன்பக்கம் தூக்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, அவர்கள் தலையாட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போனார். ஐந்தாம் பக்கத்தில் சீட் வந்தது. நாற்காலியை நடுவில் போடச் சொன்னார். முதலில் அவரே போய் உட்கார்ந்தார். சேலையோடு அந்தத் தொட்டிக்குள் இறங்கி, எழுந்திருக்க முடியாமல், “பாண்டி, கை குடுங்க” என்றார். நான் தூக்கிவிட்டேன். அடுத்தது சென்னியப்பன். நரம்பு புடைக்க எழுந்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

“உக்காரு சரசு” என்றார்.

சரஸ்வதி அக்கா நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. “மேடம், அக்காவுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“பாண்டி, நாம வாசிக்கத்தான் வந்திருக்கோம்” என்று மேடம் என்னை நிறுத்தினார். பேனா மூடியோடு கையில் இருந்தது. அந்தச் சும்மா இருத்தலை மறுபடி ஆரம்பித்துவிட்டார். வெளியே லாரிக்காரர் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

“என்னால முடியாதுங்க” என்றார் சரஸ்வதி அக்கா. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னார். “ரெண்டு வருசமா முழங்கால மடக்க முடியலைங்க.”

சென்னியப்பன் அக்காவின் முழங்கால்களைப் பார்த்தார். “மூட்டை மேல உக்காருன்னா, நிக்கறேன் நிக்கறேன்னு சொல்லுவியே. இதுக்குத்தானா?” என்றார். பிறகு மேடத்தின் கையிலிருந்த படிவத்துக்குக் கை நீட்டினார். “குடுங்க, கிழிச்சுப் போடலாமுங்க. எனக்கு வண்டி வேண்டாமுங்க.”

“இதுக்குப் பயந்துட்டுத்தானுங்க சொல்லல” என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

மேடம் படிவத்தைக் கொடுக்கவில்லை. “வண்டி வேண்டாம்னு எழுத எட்டுப் பக்கத்துல எங்கயும் இடம் இல்லைங்க. சீட்டு மாத்த இடம் இருக்கு. கூரை மாத்த இடம் இருக்கு” என்றார். பொறுமையாக விளக்கினார். பொத்தானை அமுக்கினால் உயர்கிற, பக்கச் சுவர் தாழ்ந்த சீட் ஒன்று உண்டு. துணிக் கூரை வைத்த வண்டியை எடுத்தால், கூரையைத் திறந்துவிட்டு, நின்றபடியே முன் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து உள்ளே கால் வைக்கலாம். குனிய வேண்டாம். சீட்டை மேலே வரவைத்து அதில் உட்கார்ந்துகொள்ளலாம்.

“தெறந்த வண்டின்னா வெயிலு மண்டையப் பொளக்குமுங்களே” என்றார் சென்னியப்பன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு வெயில் புதுசுங்களா? முப்பது வருசமா மண்டி வாசல்ல நிக்கறவ.”

சென்னியப்பன் சிரித்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தேதான் வந்தது. ஆனால் வரிசையில் கடைசிக்குப் போவதால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். சென்னியப்பன் அதற்கு முகம் சுளிக்கவில்லை. “எட்டு மாசத்துக்குள்ள இவ காலைப் பாத்துரலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். மேடம் பேனாவின் மூடியை அப்போதுதான் திறந்தார்.

திண்டுக்கல் திரும்பும்போது மூன்று மணி. மேடம் அறைக்குள் போய்த் தானே கடிதம் அடித்து அனுப்பினார். நாலரை மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து சரி என்று பதில் வந்தது. எனக்கு மெமோ வரும் என்று திங்கட்கிழமை காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையும் காத்திருந்தேன். வரவில்லை. “நீல நோட்டுல அந்தப் பக்கத்தை நானே எழுதிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

வண்டி வர எட்டரை மாதம் ஆயிற்று. அதற்குள் அக்காவுக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. பழனி அடிவாரத்தில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கூரையைத் திறந்து வைத்திருந்தோம். அக்கா கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தார், ஒரு காலை உள்ளே வைத்தார், அடுத்த காலையும் வைத்தார். சென்னியப்பன் பொத்தானை அமுக்கினார். சீட் மெல்ல மேலே வந்து அக்காவை வாங்கிக்கொண்டது. “தம்பி, யாருமே புடிக்கலைங்க பாருங்க” என்றார் அக்கா. அப்போது நான் ஏன் அழுதேன் என்று அங்கே மேடத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் எங்கள் கிளைக்கு ஆர்டர் எடுக்க ஒதுக்க வேண்டிய வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “நமக்கு இந்த வருசம் இல்லையாம்” என்று மேடம் பேச்சை முடித்துவிட்டார். சில வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். போன வருஷம் நானும் வெளியே வந்தேன். என் பெண் கல்யாணம், வீடு, இன்று நான் குடிக்கிற காபி எல்லாமே அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் எனக்கு வேலை இருந்ததால் வந்தவை.

டீ வாங்கிக் கொடுத்த அன்று திவ்யா வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு ஒரு பழைய அட்டைப் பெட்டியோடு வந்தாள். “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சு அங்கிள். பேப்பரைக் கழிக்கப் போறோம். வேணும்னா எடுத்துக்கங்க” என்றாள். மேலே கிடந்தது நீல நோட்டு. அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

பக்கத்தோடு கடிதத்தின் நகல் ஒன்று குத்தியிருந்தது. ‘கிளைத் தலைவரான என் கவனக்குறைவால் இறுதிச் சரிபார்ப்பு நடைபெறவில்லை.’ இரண்டு பத்தி. என் பெயர் எங்கேயும் இல்லை. கோயம்புத்தூருக்கு வண்டி போனது இந்தக் கடிதத்துக்கான தண்டனை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நோட்டில், வாசித்தவர் என்ற இடத்தில் நான் எழுதிய பொய்யை ஒரே ஒரு கோட்டால் அடித்துவிட்டு, ஃபிலோமினா என்று எழுதியிருந்தார். உடனிருந்தவர்கள்: சென்னியப்பன், சரஸ்வதி, சௌந்தரபாண்டி. தடை: முழங்கால் வலி. அதற்குப் பக்கத்தில் சரஸ்வதி அக்காவின் பெயர் இருக்கும் என்று நினைத்துத்தான் கண்ணை நகர்த்தினேன்.

தடை சொன்னவர்: சௌந்தரபாண்டி.

திவ்யா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். பச்சைக் கட்டத்தை அமுக்குகிறதற்கு முன்னால், அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லு. நோட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள். தடை தெரிந்தும் ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். சனிக்கிழமை காலையில் கேட்ட பிறகுதான் சொன்னேன். அந்த ஒரு நாளை மேடம் எங்கேயும் எழுதவில்லை.